பிடியரிசிப் பானை

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு எட்டு நாள் இருந்தது. ஏரல் பக்கம், தாமிரபரணிக் கரையோரம் இருக்கும் அம்மாவின் ஊருக்குப் பலகாரம் சுடப் போயிருந்தேன். முறுக்குக்கு மில்லில் திரித்த மாவு இரண்டு தூக்குச்சட்டி நிறைய இருந்தது. அதிரசத்துக்கு அரிசி ஊறிக்கொண்டிருந்தது. காலை ஆராதனைக்கே நனைந்துகொண்டுதான் போனோம். சாயங்காலம் கரண்டு போயிற்று. இரவில் தெருத் தண்ணீர் வாசற்படியைத் தொட்டபோது அம்மா டார்ச்சை என் கையில் கொடுத்துவிட்டு அடுக்களைக்குள் போனாள்.

முதலில் மாடிக்கு ஏறியது அரிசிப் பானை. அடுத்தது அதன் அருகில் எப்போதும் இருக்கும் சின்னப் பானை. பீரோச் சாவியை அதற்குப் பிறகுதான் தேடினாள்.

அந்தச் சின்னப் பானை எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் பலருக்கும் தெரிந்தது. உலைக்கு அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு பிடி அள்ளி அதில் போடுவார்கள். சேர்ந்ததைக் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் படைப்பார்கள். பிடியரிசிக் காணிக்கை என்று பெயர். பஞ்சம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், வீட்டில் சண்டை நடந்த நாளிலும்கூட அந்த ஒரு பிடி நிற்காது. மிசோரம் மாநிலச் சபைகளிலும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இதே வழக்கம் இருக்கிறது. அங்கே ஊழியச் செலவில் ஒரு முக்கியப் பங்கை இந்தப் பிடியரிசி தாங்குகிறது.

நள்ளிரவுக்குமேல் பின்வீட்டுக்காரர்கள் வந்தார்கள். ஓட்டு வீடு; சுவர் ஊறி இளகத் தொடங்கிவிட்டது. வாழைத் தோட்டத்தில் கூலி வேலை பார்க்கும் கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், அவனுடைய தாய். இடுப்பளவுத் தண்ணீரில் சின்னதைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றான். "பிள்ளைய முதல்ல இங்க தா மக்கா" என்று அம்மா படியிலிருந்து கை நீட்டினாள்.

மாடியில் இப்போது ஏழு பேர். அரிசி பதினைந்து கிலோ இருக்கும். கேஸ் சிலிண்டர் ஒன்று, அதுவும் பாதி தீர்ந்தது. குடிதண்ணீர் இரண்டு கேன். இருட்டில் உட்கார்ந்து மனம் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது. கணக்குப் போட்டதில் தப்பில்லை. அந்தக் கணக்கின் அடியில் ஒரு நினைப்பு கிடந்தது: இவர்கள் வராமல் இருந்திருந்தால் நமக்குப் பத்து நாள் வருமே. அந்த நினைப்பை இன்றுவரை நான் மறக்கவில்லை. மறக்கக் கூடாது என்றும் நினைக்கிறேன்.

விடிந்ததும் அம்மா சின்னப் பானையைத் திறந்து அதிலிருந்து முதலில் அளந்தாள். பெரிய பானை நிறைய இருக்கும்போது ஏன் இதை எடுக்கிறாய் என்று கேட்டேன்.

"இது நம்ம அரிசி இல்ல மக்கா. ஏற்கெனவே குடுத்தாச்சு. குடுத்ததுக்கு என்ன கணக்கு?"

ஆபத்துக்காலத்துக்கென்று வீட்டில் பொருள் சேர்ப்பது பற்றிக் கிறிஸ்தவர்களாகிய நாம் யோசிக்க வேண்டியவை பல. எனக்கு எல்லாம் அந்த இரண்டு பானைகளில் இருந்தே தொடங்குகின்றன.

நம் சபைகளில் இதைப் பற்றி இரண்டு விதமாகப் பேசக் கேட்டிருக்கிறேன். ஒன்று, சேர்த்து வைப்பதே அவிசுவாசம் என்பது. ஆகாயத்துப் பறவைகளையும் காட்டுப் புஷ்பங்களையும் காட்டி, நாளையைப் பற்றிக் கவலைப்படாதே என்று ஆண்டவர் சொல்லியிருக்க, பரண் நிறைய சாமான் எதற்கு என்பார்கள். மாதச் சம்பளமும் நிலைத்த வீடும் உள்ளவர்கள் பிரசங்க மேடையிலிருந்து இதைச் சொல்லும்போது எனக்கு மனம் வலிக்கும். நாளைக்கு வேலை உண்டா என்று தெரியாதவள் கீழே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். இன்னொன்று, கடைசிக் காலம் வந்துவிட்டது, கதவை அடைத்துக்கொண்டு வாழ ஓராண்டுக்கு வேண்டியதைச் சேர்த்துக்கொள் என்பது. முதல் பேச்சு வீட்டாரைப் பட்டினி போடும். இரண்டாவது, பக்கத்து வீட்டாரைப் பட்டினி போடும்.

யாத்திராகமத்தின் பதினாறாம் அதிகாரத்தில் மன்னாவின் கதை இருக்கிறது. அதைப் பாதியோடு நிறுத்திவிடுகிறவர்கள் அதிகம். தலைக்கு ஓர் ஓமர், அதாவது ஏறக்குறைய இரண்டு லிட்டர் அளவு, அன்றன்றைக்குப் பொறுக்கிக்கொள்ள வேண்டும். நம்பிக்கையில்லாமல் சிலர் விடியும்வரை மீதி வைத்தார்கள். அது புழுத்து நாறிற்று. இதுவரை எல்லாரும் சொல்வார்கள். ஆனால் அதே அதிகாரத்தில், ஆறாம் நாளில் இரட்டிப்பாகப் பொறுக்கி மறுநாளுக்கு வைக்கச் சொன்னவரும் அதே தேவன்தான். அன்று வைத்தது நாறவில்லை, புழுக்கவும் இல்லை. வருகிற தலைமுறைகள் பார்க்கும்படி ஓர் ஓமர் மன்னாவைக் கலசத்தில் எடுத்து வைக்கவும் கட்டளை உண்டு. ஆகவே வைப்பது என்ற செயலில் குற்றம் இல்லை. ஒரே மன்னா, ஒரே பாத்திரம், ஒரே இரவு. எதற்காக வைத்தார்கள் என்பது மட்டும்தான் மாறியது.

பவுல் கொரிந்தியருக்கு இதே மன்னாவை நினைப்பூட்டுகிறார். எருசலேமின் ஏழைகளுக்கு அவர் காணிக்கை திரட்டிக்கொண்டிருந்த நேரம் அது. மிகுதியாகச் சேர்த்தவனுக்கு மிஞ்சவுமில்லை, கொஞ்சமாகச் சேர்த்தவனுக்குக் குறையவுமில்லை என்ற அந்தப் பழைய செய்தி, பவுலின் கையில் ஒருவர் மிகுதி மற்றவர் குறைவுக்குப் போகும் வழியாக மாறுகிறது.

புழுத்த மன்னாவை நானும் பார்த்திருக்கிறேன்.

2020 மார்ச் 22 ஞாயிறு சுய ஊரடங்கு. 24-ஆம் தேதி இரவு எட்டு மணிக்கு நாடு முழுக்க முடக்கம் என்று அறிவிப்பு வந்தது. அதற்கு முந்தைய இரண்டு மூன்று நாட்களில் பாளையங்கோட்டையில் நாங்கள் வாடிக்கையாக வாங்கும் மளிகைக் கடைக்கு நான்கு தடவை போய் வந்தேன். வீட்டில் நானும் கணவரும் மட்டும். இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டை மூன்று, துவரம்பருப்பு பத்துக் கிலோ, எண்ணெய் பதினைந்து லிட்டர். கடைசித் தடவை எனக்குப் பின்னால் ஒரு பெண் நின்றாள். கையில் மடித்துப் பிடித்த நூறு ரூபாய். அரைக் கிலோ பருப்பு கேட்டாள். "சரக்கு முடிஞ்சிட்டும்மா" என்றார் கடைக்காரர். கடைசிப் பருப்பு என் பையில் இருந்தது. அது அவளுக்கும் தெரியும். அவள் பையைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை. இரண்டு கிலோவைப் பிரித்துக் கொடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஜூலையில் இரண்டாம் மூட்டையைப் பிரித்தேன். மேலே வெளிறிய நூல். கையை விட்டால் அரிசி உதிராமல் கட்டி கட்டியாக வந்தது. ஒவ்வொரு கட்டிக்குள்ளும் ஒரு புழு. மூன்றாம் மூட்டை அதைவிட மோசம். கோழி வளர்க்கும் ஒருவர் வந்து இரண்டையும் எடுத்துப் போனார். நூறு ரூபாயை மடித்துப் பிடித்திருந்த கை அன்றைக்கும் என் முன்னால் நின்றது.

எங்கே தவறினேன் என்று பல நாள் யோசித்தேன். வாங்கினது தவறல்ல. வாங்கின நேரம் தவறு. நிறைவான காலத்தில், கடையில் சரக்கு குவிந்து கிடக்கும்போது, மாதம் ஒரு கிலோ கூடுதலாக வாங்கி வைக்கிறவர் யார் கையிலிருந்தும் எதையும் பறிப்பதில்லை. குறைவு வந்த பின்பு வாங்குகிற ஒவ்வொரு கிலோவும் இன்னொருவருடைய உலையிலிருந்து எடுத்தது. எறும்பு கோடையிலேதான் சேர்க்கிறது என்று நீதிமொழிகள் சொல்வதில் காலத்தைப் பற்றிய கவனமும் இருக்கிறது. தானியத்தை விற்காமல் கட்டி வைக்கிறவனை ஜனங்கள் சபிப்பார்கள் என்பதும் அதே புத்தகத்தில்தான் வருகிறது. எறும்பைச் சொல்லிக் கொடுக்கிற நாம் பிள்ளைகளுக்கு இந்த வசனத்தையும் சேர்த்துச் சொல்லிக் கொடுப்பதில்லை.

யோசேப்பைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. ஏழு கொழுத்த பசுக்கள், ஏழு மெலிந்த பசுக்கள். விளைச்சலில் ஐந்திலொரு பங்கை எடுத்து அந்தந்தப் பட்டணத்திலேயே களஞ்சியங்களில் கட்டி வைத்தான். ஞாயிறு பள்ளியில் கதை அத்தோடு நின்று, பஞ்சத்தில் அண்ணன்மார் வருவதற்குத் தாவிவிடும். ஆதியாகமம் நாற்பத்தேழாம் அதிகாரத்தை நான் வயது வந்த பிறகுதான் கவனமாக வாசித்தேன். யோசேப்பு அந்தத் தானியத்தை இலவசமாகக் கொடுக்கவில்லை, விற்றான். முதலில் ஜனங்களின் பணம் தீர்ந்தது. பிறகு ஆடுமாடு போயிற்று. அடுத்த வருஷம் கொடுக்க எதுவுமில்லாமல் நிலத்தையும் தங்களையும் பார்வோனுக்கு அடிமையாக எழுதிக் கொடுத்தார்கள். உயிர் பிழைத்தது உண்மை. அவர்களே நன்றியோடு அதைச் சொல்கிறார்கள். ஆனாலும் அடுத்த புத்தகம் திறக்கும்போது எகிப்து ஓர் அடிமை வீடாக இருக்கிறது, அந்த அடிமைத்தனத்துக்குள் யோசேப்பின் சொந்த ஜனமே அகப்பட்டிருக்கிறது. வேதம் இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டுச் சொல்லவில்லை. வாசிக்கும்போது என்னால் முடிச்சுப் போடாமல் இருக்க முடியவில்லை. களஞ்சியம் நிறைந்திருந்தால் மட்டும் போதாது. சாவி யாரிடம், கதவு எந்த விலைக்குத் திறக்கிறது என்பதும் கேட்க வேண்டிய கேள்வி.

நம் மண்ணிலும் இது நடந்தது. 1876 முதல் 1878 வரையிலான தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்து நிவாரண வேலைக்கு வந்தவர்களின் கூலியைப் பிரிட்டிஷ் அதிகாரி சர் ரிச்சர்ட் டெம்பிள் குறைத்தார். வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும். ஒரு பவுண்டு என்றால் சுமார் 450 கிராம். அதற்கு நாள் முழுக்க மண் வெட்ட வேண்டும். திருநெல்வேலிச் சீமையில் அந்த ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் சபைகளில் சேர்ந்தார்கள். கஞ்சிக்காக வந்தார்கள் என்று பேசியவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. பசித்தவன் கஞ்சி கொடுத்த வீட்டைத் தன் வீடு என்று நினைத்தால் அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? என் ஆச்சியின் ஆச்சி அப்படி வந்த குடும்பத்தில் பிறந்தவள் என்று வீட்டில் சொல்வார்கள். கீழே சிந்திய பருக்கையை ஆச்சி ஒவ்வொன்றாகப் பொறுக்குவாள். ஐயாயிரம் பேருக்கு அப்பம் பகிர்ந்த பிறகும் ஆண்டவர் மீந்த துணிக்கைகளைச் சேர்க்கச் சொன்னார், பன்னிரண்டு கூடை நிறைந்தது என்று யோவான் எழுதியிருப்பதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு ஆச்சியின் விரல்கள்தான் தெரியும்.

அப்போஸ்தலர் நடபடிகளின் பதினோராம் அதிகாரத்தில், மூன்று நான்கு வசனங்களில் முடிந்துவிடுகிற ஒரு சம்பவம் இருக்கிறது. அகபு என்ற தீர்க்கதரிசி எருசலேமிலிருந்து அந்தியோகியாவுக்கு வந்து, உலகமெங்கும் கொடிய பஞ்சம் வரப்போகிறது என்று அறிவித்தான். கிலவுதியு இராயனின் காலத்தில் அப்படியே வந்தது. இன்று நமக்கு வானிலை மையம் சிவப்பு எச்சரிக்கை விடுகிறதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கேட்ட அந்தியோகியாச் சபையார் என்ன செய்தார்கள்? அவரவர் திராணிக்குத் தக்கதாக யூதேயாவில் இருக்கும் சகோதரருக்கு உதவி அனுப்பத் தீர்மானித்து, பர்னபா, சவுல் கையில் கொடுத்து அனுப்பினார்கள். பஞ்சம் தங்களுக்கும்தான். ஆனாலும் எச்சரிக்கையைக் கேட்டவுடன் அவர்கள் மனதில் முதலில் வந்தது தங்களைவிட எளிதில் விழக்கூடியவர்களுடைய முகம். கிறிஸ்தவ வீட்டில் சேர்த்து வைப்பதற்கு இதைவிடச் சரியான மாதிரியை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

நான்காம் நூற்றாண்டில் கப்பதோக்கியாவின் செசரியாவில் பெரும் பஞ்சம் வந்தபோது அந்த ஊர்ச் சபையின் குரு பசிலியார் இதைத்தான் செய்தார். களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த ஐசுவரியவானின் உவமையை எடுத்து ஊர்ப் பணக்காரர்கள் முன் பிரசங்கித்தார். கதவுகள் திறந்தன. தானே முன்நின்று பசித்தவர்களுக்குச் சமைத்துக் கொடுக்க ஏற்பாடு செய்தார். அந்த உவமையில் வரும் மனிதன் யாரோடும் கலந்து பேசவில்லை என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? தன் ஆத்துமாவோடு மட்டும் பேசிக்கொள்கிறான். அவன் கணக்கில் வேறு வாய் ஒன்றுகூட இல்லை.

சரி, என்ன சேர்ப்பது, எவ்வளவு சேர்ப்பது? பக்தியாகப் பேசிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் யாக்கோபு எழுதியது போல, குளிரில் நிற்பவனைப் பார்த்துப் போய் வா, குளிர்காய்ந்துகொள் என்று சொன்னதாகிவிடும். வெள்ளத்தில் நான் பட்டதை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் தண்ணீர். சுற்றிலும் கடலாக நின்றது. குடிக்க ஒரு மடக்கு இல்லை. அதற்கு முன் அரிசியைப் பற்றித்தான் நான் பயந்திருந்தேன். இரண்டு கேனும் செவ்வாய்க்கிழமை காலையில் தீர்ந்தது. அம்மா அப்பாவின் பழைய வேட்டியை மொட்டைமாடிக் கம்பியில் நான்கு மூலையும் இழுத்துக் கட்டி, நடுவில் ஒரு சின்னக் கல்லை வைத்தாள். துணி தொய்ந்து, கல் இருந்த இடத்திலிருந்து மழைநீர் ஒரு சரமாகக் குடத்தில் இறங்கிற்று. முதல் குடத்தைக் கொட்டிவிட்டு இரண்டாம் குடத்தைக் கொதிக்க வைத்தாள். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் வேண்டும். ஐந்து பேருக்கு மூன்று நாள் என்றால் அறுபது லிட்டர், அதாவது இருபது லிட்டர் கேன் மூன்று. கேனுக்கு வழியில்லாதவர்கள் மழை எச்சரிக்கை வந்தவுடன் வீட்டிலுள்ள குடம், அண்டா, குக்கர் வரைக்கும் நிறைத்து மூடிவிடலாம். அதற்குக் காசு வேண்டாம்.

அரிசி ஆளுக்கு நாளொன்றுக்கு நானூறு கிராம் என்றால் ஐந்து பேருக்கு ஒரு வாரத்துக்குப் பதினான்கு கிலோ. அதற்குமேல் சாதாரண வீட்டுக்குத் தேவையில்லை. புழுங்கலரிசியானால் நல்லது, நன்றாக உலர்ந்திருக்க வேண்டும், காற்றுப் புகாத டப்பாவாக இருக்க வேண்டும். வேப்பிலைக் கொத்தோ காய்ந்த மிளகாயோ போடுவது நம் வீட்டுப் பழக்கம். ஆனால் மூட்டையைத் திறந்து பார்க்காமலே நான்கு மாதம் போட்டு வைத்தால் எந்த இலையும் காப்பாற்றாது, நான் கண்டது அதுதான். பழையதை முன்னுக்கு எடு, புதியதைப் பின்னுக்கு வை. அடுப்பே பற்ற வைக்க முடியாத முதல் நாளுக்கு அவலும் பொரிகடலையும் கருப்பட்டியும் போதும். அவலை நனைத்துக் கருப்பட்டியைத் தட்டிப் போட்டால் பிள்ளைகள் சாப்பிட்டுவிடும். எங்களுக்கு அந்த நான்கு நாளும் கிறிஸ்துமஸ் மாவு பெரிய ஆசீர்வாதமாக இருந்தது. முறுக்குக்குத் திரித்த மாவை அம்மா கஞ்சியாகக் காய்ச்சிப் பின்வீட்டுக் குழந்தைக்குக் கொடுத்தாள். அந்த வருஷம் எங்கள் வீட்டில் முறுக்கு சுடவில்லை.

வயிற்றுப்போக்கு வெள்ளத்தோடு கூடவே வரும். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீருக்கு மட்டமாக ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு என்ற அளவு மூளையில் இருக்க வேண்டும். இருட்டில் தாளைத் தேட முடியாது. குடும்ப அட்டை, ஆதார், பட்டா, ஞானஸ்நானச் சான்று எல்லாம் ஒரே பிளாஸ்டிக் உறையில் ஒரே இடத்தில். கையில் கொஞ்சம் சில்லறை ரூபாய் வேண்டும். மின்சாரமும் செல்போன் கோபுரமும் விழுந்தபின் அட்டையும் செயலியும் வெறும் பிளாஸ்டிக்தான்.

பின்வீட்டு அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. இன்சுலின் குப்பியைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு தண்ணீரைக் கடந்து வந்திருந்தார். ஃபிரிட்ஜ் ஓடாது. ஈர மணல் போட்ட மண்பானைக்குள் இன்னொரு சின்ன மண் கலயத்தை இறக்கி, குப்பியை நனையாதபடி உறையில் போட்டு அதற்குள் வைத்தோம். பயன்பாட்டில் இருக்கும் இன்சுலின் பெரும்பாலான வகைகளில் கடும் சூடு படாமல் இருந்தால் சுமார் நான்கு வாரம் வெளியே தாங்கும் என்று பிறகு மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அன்று தெரியாமல் நான்கு நாளும் அந்தப் பானையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். வயதானவர்களுடைய மாத்திரை பத்து நாளுக்காவது முன்கூட்டியே கையிருப்பில் இருக்க வேண்டும். அரிசியைக் கடன் கேட்கலாம். மாத்திரையை யாரிடம் கேட்பது?

பத்துக் கன்னிகைகளின் உவமை எனக்கு நெடுநாள் உறுத்தலாக இருந்தது. எண்ணெய் வைத்திருந்த ஐந்து பேர் இல்லாதவர்களுக்குக் கொடுக்க மறுத்துவிடுகிறார்கள். அவர்களை ஆண்டவர் புத்தியுள்ளவர்கள் என்கிறார். கொடு, கொடு என்று ஊர் ஊராகச் சொன்னவர் ஏன் இப்படிச் சொன்னார்? இன்சுலின் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபோது கொஞ்சம் விளங்கிற்று. இன்னொருவரிடமிருந்து கடைசி நேரத்தில் வாங்க முடியாதவை சில உண்டு. மருந்து அப்படிப்பட்டது. விழிப்பும் அப்படித்தான். தன்னால் செய்து வைக்க முடிந்ததைச் செய்யாமல், நள்ளிரவில் அடுத்தவர் விளக்கை நம்பி வருவது அவர்மேல் ஏற்றும் பாரம். திராணியுள்ளவன் சேர்த்து வைக்காமல் இருப்பதும் அயலானுக்குச் செய்யும் அநியாயம் என்று அந்த உவமையை நான் இப்போது வாசிக்கிறேன்.

திராணி இல்லாதவர்களோ? பின்வீட்டுக்காரன் அன்றாடம் கூலி வாங்கி அன்றாடம் அரிசி வாங்குகிறவன். எறும்பைப் பார் என்று அவனிடம் சொல்வது கொடுமை. சாறிபாத் ஊர் விதவை எலியாவைச் சந்தித்தபோது இரண்டு விறகு பொறுக்கிக்கொண்டிருந்தாள். பானையில் ஒரு பிடி மாவு, கலயத்தில் கொஞ்சம் எண்ணெய். அதைச் சுட்டு மகனோடு சாப்பிட்டுச் செத்துப்போவோம் என்றிருந்தாள். அவள் கொடுத்தாள், பானை குறையவில்லை. அந்தக் கதையைக் காட்டி, பானை காலியான விதவைகளிடம் காணிக்கை கேட்பது தகாது. நிறைந்த பானை உள்ளவர்கள் கேட்க வேண்டிய கதை அது.

ஆகையால் அவர்களுக்காகச் சேர்த்து வைக்க வேண்டியது சபை. தமிழ்நாட்டில் ரேஷன் கடை எல்லா அரிசி அட்டைக்கும் அரிசி தருகிறது. 2011 ஜூனிலிருந்து அது இலவசம். ஏழை வீட்டின் பெரிய பானை உண்மையில் அந்தக் கடைதான். ஆனால் சாலை அறுந்தால் லாரி வராது, கடையும் முழுகிவிடும். அந்த மூன்று நான்கு நாளைத்தான் ஊர் தாங்க வேண்டும். எங்கள் பக்கத்தில் அசனம் என்னும் ஊர் விருந்து நடக்காத சபை அபூர்வம். ஆயிரம் பேருக்குச் சோறு வடிக்கும் அண்டாக்கள், கொப்பரைகள், அடுப்புக்கட்டிகள், பந்தி பரிமாறித் தேர்ந்த கைகள், எல்லாம் இருக்கின்றன. வருஷத்தில் ஒரு நாள் மட்டும் வெளியே வருகின்றன. ஐப்பசி பிறக்குமுன் அண்டாக்களோடு இருநூறு கிலோ அரிசியையும், விறகையும், குடிநீர் கேன்களையும், குளோரின் மாத்திரைகளையும் மேடான ஓர் அறையில் வைத்து, மழைக்காலம் முடிந்ததும் அந்த அரிசியைக் கிறிஸ்துமஸ் விருந்துக்கு எடுத்துக்கொள்ளலாம். ஒரு மணியும் வீணாகாது. பிடியரிசியை ஏலம்விட்டுப் பணமாக்குகிற வழக்கத்தை அந்த இரண்டு மாதமாவது நிறுத்தி, அரிசியை அரிசியாகவே வைத்திருக்க வேண்டும் என்று எங்கள் சபைக் குருவான ஐயரிடம் கேட்டிருக்கிறேன்.

அந்த வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் நடந்ததைப் பத்திரிகையில் வாசித்திருப்பீர்கள். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில், ஏறத்தாழ எண்ணூறு பேரோடு ஞாயிறு இரவு அங்கேயே நின்றுவிட்டது. தண்டவாளத்தின் அடியிலிருந்த மண்ணைத் தண்ணீர் அரித்துக்கொண்டு போயிருந்தது. பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள் தங்கள் வீடுகளிலிருந்த அரிசியைக் கொண்டுவந்து, ஊர்க் கோயிலில் வைத்துச் சமைத்து, முன்பின் தெரியாத அந்தப் பயணிகளுக்குப் பசியாற்றினார்கள். அவர்கள் வயல்களும் முழுகியிருந்தன. அகபுவின் பேரை அவர்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அந்தியோகியாவைப் பற்றி வருஷா வருஷம் வாசிக்கிற நாம் அவர்களிடம் போய்க் கற்றுக்கொள்ள வேண்டும்.

புதன்கிழமை மதியம் தண்ணீர் வடிந்தது. தெருவெல்லாம் முழங்கால் சேறு, சாய்ந்த வாழைத்தார்கள். சின்னப் பானை செவ்வாய் இரவே தீர்ந்திருந்தது. அதற்குப் பிறகு பெரிய பானை. கிறிஸ்துமஸ் ஆராதனைக்குக் கிளம்பும்போது அம்மா சின்னப் பானையைக் கழுவி வெயிலில் கவிழ்த்திருந்தாள். ஒவ்வொரு வருஷமும் அன்றைக்கு நிறைத்து எடுத்துப் போவது வழக்கம். இந்த வருஷம் கொண்டுபோக ஒன்றுமில்லையே என்றேன். "கொண்டுபோனதுதான" என்று சொல்லிவிட்டுப் பின்வீட்டுக் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் இன்றும் இரண்டு பேர்தான். செப்டம்பர் கடைசியில் அலமாரியைத் துடைத்து, கேன்களைக் கழுவி நிறைத்து, டப்பாக்களின் மூடியில் தேதி எழுதுகிறேன். கணக்கு ஐந்து பேருக்கு. இரவுக் காவல்காரர் ஒருவர், கீழ்வீட்டில் தனியாக இருக்கும் அக்கா ஒருவர். ஐந்தாவது ஆள் யாரென்று எனக்குத் தெரியாது, யார் வந்தாலும் அது அவருக்கு. போன மழைக்குமுன் இதைக் கீழ்வீட்டு அக்காவிடம் சொன்னேன். அவருக்கும் இன்சுலின் உண்டு. மறுநாள் காலையில் படியேறி வந்தார். கையில் புது மண்பானை ஒன்றும், ஒரு பை ஆற்று மணலும்.